கொன்ற கையில் ஒரு வேதப்புத்தகம்: ‘செயின்ட்ஸ் அண்ட் சோல்ஜர்ஸ்’ டிவிடி விமர்சனம்

ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் டாலரில் இரண்டாம் உலகப் போரைத் திரையில் காட்ட முடியுமா என்று கேட்டால், திரைத்தொழில் அறிந்தவர்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பார்கள். 1998-ல் ஹாலிவுட்டின் பெரிய நிறுவனங்கள் எடுத்த போர்ப் படம் ஒன்றுக்கு ஏறத்தாழ 7 கோடி டாலர் செலவானது. அதில் தொண்ணூறில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, 2003-ல் ரையன் லிட்டில் என்ற இளம் இயக்குநர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பனிமலைகளைப் பெல்ஜியமாக மாற்றி எடுத்த தொண்ணூறு நிமிடப் படம்தான் ‘செயின்ட்ஸ் அண்ட் சோல்ஜர்ஸ்’. இதன் டிவிடியை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை, இவ்வளவு குறைந்த பணத்தில் எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்ற ஆவலில் பார்த்தேன். இரண்டாம் முறை பார்த்ததற்குக் காரணம் பணமோ பனியோ அன்று. தூக்கம் வராமல் வெறித்துக்கொண்டிருக்கும் ஒரு படைவீரனின் முகம்.

கதை தொடங்கும் இடம் வரலாற்றில் உள்ள இடம். 1944 டிசம்பர் 16-ஆம் நாள் ஜெர்மனி தனது கடைசிப் பெருந்தாக்குதலை ஆர்டென் காடுகளின் வழியாகத் தொடங்கியது. மறுநாள், பெல்ஜியத்தின் மால்மெடி நகருக்கு அருகே பாகனே என்ற சாலைச் சந்திப்பில், யோகிம் பைப்பரின் தலைமையில் சென்ற எஸ்எஸ் எனப்பட்ட நாஜிக் கட்சிப் படையின் பிரிவினர், சரணடைந்து ஆயுதமில்லாமல் வயலில் நின்ற அமெரிக்கக் கைதிகளைச் சுட்டார்கள். 84 பேர் இறந்தார்கள்; சிலர் செத்தவர்களைப்போலக் கிடந்தும் காட்டுக்குள் ஓடியும் தப்பினார்கள். அப்படித் தப்பியவர்களாகக் கற்பனை செய்யப்பட்ட நான்கு பேரைப் படம் பின்தொடர்கிறது. சார்ஜெண்ட் கண்டர்சன், லூசியானாவிலிருந்து வந்த வாயாடி கெண்ட்ரிக், மருத்துவப் பணியாளன் கூல்ட், எல்லோராலும் ‘டீக்கன்’ என்று அழைக்கப்படும் கார்ப்பரல் கிரியர் ஆகியோரே அந்த நால்வர். நால்வருக்கும் சேர்த்து ஒரு துப்பாக்கியும் எண்ணிவிடக்கூடிய சில தோட்டாக்களுமே மிச்சம். வழியில் வின்லி என்ற பிரிட்டிஷ் விமானப்படை வீரனும் சேர்ந்துகொள்கிறான். அவனிடம் நேச நாட்டுப் படைகளுக்கு உடனே எட்டியாக வேண்டிய ஒரு தகவல் இருக்கிறது. எதிரியின் பின்னால் சிக்கிக்கொண்ட ஐந்து பேர், கடுங்குளிர், பசி, நடை. கதை என்று பார்த்தால் அவ்வளவுதான்.

டீக்கனிடம்தான் படம் உயிர் பெறுகிறது. திருச்சபையில் ஊழியம் செய்பவரைக் குறிக்கும் சொல்லைப் பட்டப்பெயராகப் பெற்ற இவன் புகைப்பதில்லை, காப்பி குடிப்பதில்லை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறு புத்தகத்தை வைத்திருக்கிறான். அக்காலத்து அமெரிக்கப் படைவீரனுக்குக் கொடுக்கப்பட்ட உணவுப் பொட்டலத்துக்குள்ளேயே சிகரெட்டும் காப்பித்தூளும் இருந்தன என்பதை நினைத்துக்கொண்டால், இந்த மறுப்பு எவ்வளவு தனித்துத் தெரியும் என்பது புரியும். அவன் குறி தவறாதவனும்கூட. கூட்டத்திலேயே மிகுந்த பக்தியுள்ளவனும் கூட்டத்திலேயே மிகச் சிறப்பாகச் சுடத் தெரிந்தவனும் ஒரே ஆளாக இருப்பதில் ஒரு முரண் இருக்கிறது என்பதைப் படம் உரக்கச் சொல்லாமல், அவனுடைய கையிலேயே வைத்துவிட்டுப் போகிறது.

இந்தக் கதைக்கு முன்பு நடந்த ஒரு சண்டையில், தான் அறியாமலே பெண்களையும் குழந்தைகளையும் கொன்றுவிட்ட நினைவு அவனை அரித்துக்கொண்டிருக்கிறது. தூக்கம் போய்விட்டது, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிகின்றன, சுட வேண்டிய நேரத்தில் விரல் நகர மறுக்கிறது. சமயம் சார்ந்த படங்களில் பொதுவாக இறைநம்பிக்கை ஒரு கவசமாக வரும்: நம்புகிறவனுக்கு அமைதி கிடைக்கும், நம்பாதவன் தவிப்பான். இங்கே தவிப்பவன் நம்புகிறவன். அவனுடைய வேதம் கொலை செய்யாதே என்கிறது. அவன் அணிந்திருக்கும் சீருடை சுடு என்கிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு சமாதானத்தை எப்படியோ கண்டுபிடித்துத்தான் அவன் போருக்கு வந்திருக்கிறான். வீரனை வீரன் கொல்வது கடமை என்ற அந்தச் சமாதானம் குழந்தைகளின் பிணங்களுக்கு முன்னால் உடைந்துபோகிறது. வேண்டுமென்று செய்யவில்லை என்று சட்டம் அவனை விட்டுவிடும், தோழர்களும் விட்டுவிடுகிறார்கள், அவனுக்குத்தான் தன்னை விட்டுவிட முடியவில்லை. நம்பிக்கை ஆழமாக இருப்பதனாலேயே குற்றவுணர்வும் ஆழமாக இறங்குகிறது என்பதை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்ளும் சமயச் சார்புள்ள படத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. தமிழ்க் கிறித்தவர்கள் ‘விசுவாசம்’ என்று சொல்வதற்கும் பொதுவழக்கில் ‘மனச்சாட்சி’ என்று சொல்வதற்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் டீக்கன் தொண்ணூறு நிமிடமும் நடந்துகொண்டிருக்கிறான் என்று எனக்குப் பட்டது.

கார்பின் ஆல்ரெட் என்ற நடிகர் இந்தப் பாத்திரத்தை ஏறக்குறைய உடலாலேயே நடித்திருக்கிறார். உறங்காதவனின் கண்ணிமை கனப்பது, பேசுபவரைப் பார்க்காமல் அவருக்குப் பின்னால் எதையோ பார்ப்பது, குளிரில் நடுங்குகிறானா அச்சத்தில் நடுங்குகிறானா என்று பிரிக்க முடியாத நடுக்கம் ஆகியவை வசனத்தைவிட அதிகம் சொல்கின்றன. பெரிய நட்சத்திரம் ஒருவர் இந்த இடத்தில் இருந்திருந்தால், அவர் பிழைப்பாரா என்ற கணக்கில் நம் கவனம் போயிருக்கும்.

டீக்கன் எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவன் என்று படம் ஓரிடத்திலும் சொல்வதில்லை. ஆனால் அறிந்தவர்களுக்கு அடையாளங்கள் போதும். அரிசோனாவின் ஸ்னோஃப்ளேக் என்ற ஊர், புகையிலையும் காப்பியும் விலக்கும் நோன்பு, போருக்கு முன் ஜெர்மனியில் மிஷனரியாக இருந்த அனுபவம் ஆகிய எல்லாம் மோர்மன்கள் என்று வெளியுலகம் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் சபையையே சுட்டுகின்றன. படத் தலைப்பிலுள்ள ‘செயின்ட்ஸ்’ என்ற சொல்லும் அச்சபையினர் தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்ளும் பெயரைத் தொட்டு நிற்கிறது. இயக்குநரும் அந்தப் பின்னணியிலிருந்து வந்தவரே. அப்படியிருந்தும் பெயரைச் சொல்லாமல் விட்டது சரியான முடிவு என்றே கருதுகிறேன். பெயர் வந்திருந்தால் அந்தச் சிறு புத்தகம் ஒரு விளம்பரப் பொருளாகியிருக்கும். இப்போது அது தன் உரிமையாளனுக்கு ஆறுதலும் குற்றப்பத்திரிகையுமாக ஒருசேர இருக்கும் புத்தகமாக நிற்கிறது.

இதே சபையோடு தொடர்புள்ள இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்கத் தணிக்கைக் குழு இந்தப் படத்துக்கு முதலில், போர் வன்முறைக்காக, ‘ஆர்’ சான்றிதழ் கொடுத்தது; பதினேழு வயதுக்குக் கீழானவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்கக் கூடாது என்பது அதன் பொருள். அச்சபையினர் பலர் அந்தச் சான்றிதழ் பெற்ற படங்களைப் பார்ப்பதைத் தவிர்ப்பவர்கள். படம் யாருக்காக எடுக்கப்பட்டதோ அவர்களே வர மாட்டார்கள் என்ற நிலையில், சில காட்சிகள் குறைக்கப்பட்டுப் பதின்மூன்று வயதுக்கான சான்றிதழோடு படம் 2004-ல் திரையரங்குகளுக்கு வந்தது. வணிகக் கணக்கு என்ற அளவில் இதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் 84 பேர் கொல்லப்பட்ட ஒரு நிகழ்ச்சியை யாருடைய கண்ணையும் உறுத்தாத அளவுக்குக் காட்டுவது அறமா என்ற கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. இரத்தத்தை மறைத்ததால் படம் கண்ணியமாகியிருக்கிறது என்று சிலர் சொல்லலாம். படுகொலைக் காட்சியில் ஒரு பதற்றம் இருக்கிறதே தவிர, அருவருப்பு இல்லை என்பதே என் எண்ணம்.

படத்தின் நடுப்பகுதியில்தான் அதன் மிகச் சிறந்த சிக்கல் வருகிறது. இவர்கள் கையில் அகப்படும் ஒரு ஜெர்மானிய வீரன், டீக்கனுக்குப் பெர்லினிலேயே பழக்கமானவன். மிஷனரியாக இருந்த காலத்து நண்பன். டீக்கனுக்கு ஜெர்மன் மொழி தெரியும் என்பது அதுவரை தப்பிப்பதற்குப் பயன்படும் ஒரு கருவியாக மட்டுமே இருந்தது. அந்த நிமிடத்தில் அதுவே தண்டனையாக மாறுகிறது. எதிரியின் மொழி தெரியாதவனுக்கு எதிரி ஓர் இலக்கு. தெரிந்தவனுக்கோ அவன் பெயருள்ளவன், ஊருள்ளவன், சேர்ந்து சாப்பிட்டவன். டீக்கன் அவனைத் தப்பவிடுகிறான். தோழர்கள் கொதிக்கிறார்கள்; அவர்களுடைய கோபத்திலும் நியாயம் இருக்கிறது, ஏனெனில் விட்டுவிடப்பட்டவன் போய்த் தன் படையைக் கூட்டிக்கொண்டு வந்தால் சாகப்போவது ஐந்து பேர். ஒரு உயிரைக் காப்பாற்ற ஐந்து உயிரைப் பணயம் வைக்க ஒருவனுக்கு உரிமை உண்டா என்ற இந்தக் கேள்விக்குப் படம் உடனடியாக விடை சொல்லிவிடாமல் சிறிது நேரம் நம்மைத் திணறவிடுகிறது. இந்தப் பதினைந்து இருபது நிமிடங்களுக்காகவே டிவிடிக்குக் கொடுத்த பணம் தகும்.

இது கதைக்காகச் செய்துகொண்ட தற்செயல் என்று சிலர் குறைகூறக்கூடும். ஒரு கண்டம் முழுவதும் நடக்கும் போரில் பழைய நண்பனே எதிரே வருவதா? நியாயமான ஐயம்தான். ஆனாலும் அதற்கு அடியில் உண்மை உண்டு. ஜெர்மனியில் அச்சபைக்கு ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் இருந்தார்கள்; அமெரிக்க மிஷனரிகள் 1939 ஆகஸ்டில், போர் வெடிக்கும் தறுவாயில், அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஒரே வேதத்தை வாசித்தவர்கள் ஐந்தாண்டுகளுக்குள் இரண்டு சீருடைகளில் நின்றார்கள். ஹாம்பர்க்கைச் சேர்ந்த ஹெல்முத் ஹூபனர் என்ற அச்சபைச் சிறுவன், வெளிநாட்டு வானொலியில் கேட்டதைத் துண்டறிக்கைகளாக எழுதி இட்லருக்கு எதிராகப் பரப்பினான்; 1942 அக்டோபர் 27 அன்று, 17 வயதில், பெர்லினின் பிளோட்சன்சே சிறையில் தலை வெட்டப்பட்டான். அவன் கைதானபோது அவ்வூர்ச் சபைத் தலைவரே அவனைச் சபையிலிருந்து நீக்கினார். போர் முடிந்த பிறகே அந்த நீக்கம் செல்லாது என்று திருத்தப்பட்டது. நம்பிக்கை ஒருவனை எதிர்ப்புக்குக் கொண்டுசெல்கிறது, இன்னொருவனைக் கீழ்ப்படிதலுக்குக் கொண்டுசெல்கிறது. படத்தில் வரும் அந்த ஜெர்மானிய நண்பன் இவ்விரண்டில் எந்தப் பக்கம் நின்றான் என்று டீக்கன் கேட்பதேயில்லை. கேட்டிருக்க வேண்டும். அவன் நல்லவன் என்பது மட்டும் போதுமா, அவன் எதற்காகப் போரிடுகிறான் என்பது வேண்டாமா? நட்பின் கதகதப்பில் இந்தக் கேள்வி கரைந்துபோனது எனக்குக் குறையாகவே தெரிகிறது.

இதைவிடப் பெரிய குறை கூல்டிடம் இருக்கிறது. கடவுள் மறுப்பாளனான இந்த மருத்துவப் பணியாளன் டீக்கனுக்கு எதிர்த்தட்டாக வைக்கப்பட்டிருக்கிறான். ஒருவன் நம்புகிறான், மற்றவன் கேலி செய்கிறான். போகப்போகக் கேலி குறைகிறது. முடிவை இங்கே எழுதப்போவதில்லை என்றாலும், இந்த நகர்வு எந்தத் திசையில் போகும் என்பதை முதல் அரைமணி நேரத்திலேயே யாரும் ஊகித்துவிடலாம். கூல்டுக்குக் கொடுக்கப்பட்டிருப்பவை குத்தல் பேச்சுகள்; வாதங்கள் இல்லை. இவ்வளவு பிணங்களைக் கையால் தொட்ட ஒருவனுக்கு ஆண்டவனைப் பற்றிச் சொல்ல இன்னும் கனமான சொற்கள் இருந்திருக்கும். மேலும் கையில் இருந்த ஒரு பெரிய முரணைப் படம் கவனிக்காமலே விட்டுவிட்டது. இந்தக் கூட்டத்தில் நாள்தோறும் பிறர் உயிரைக் காப்பது எந்த வேதத்தையும் நம்பாத கூல்டின் தொழில். நாள்தோறும் குறிபார்த்துச் சுடுவது பக்திமானான டீக்கனின் தொழில். அறம் யாரிடம் இருக்கிறது? இந்தக் கேள்வியை ஒரே ஒரு காட்சியிலாவது கூல்டின் வாயால் கேட்கவிட்டிருந்தால் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும். அலெக்சாண்டர் நைவர் நல்ல நடிகர். அந்தக் கசப்பைக் குரலில் கொண்டுவருகிறார். எழுத்து அவருக்குத் துணை நிற்கவில்லை. நம்பாதவன் காயப்பட்டவனாகத்தான் இருக்க வேண்டும், காயம் ஆறினால் நம்பத் தொடங்கிவிடுவான் என்ற எண்ணம் சமயப் படங்கள் பலவற்றிலும் இருக்கும் பழைய நோய். டீக்கனைப் பொறுத்தவரையில் அவ்வளவு நுட்பமாக நடந்துகொண்ட திரைக்கதை இங்கே மட்டும் ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலைக்குத் திரும்பிவிடுகிறது.

வரலாற்றைத் தெரிந்துகொண்டு பார்ப்பவர்களை இன்னொன்றும் உறுத்தும். மால்மெடிச் செய்தி பரவியதும் அமெரிக்கப் படைகளிடையே எழுந்த வெறியில், 1945 ஜனவரி 1 அன்று, அதே பெல்ஜியத்தின் செனோன் என்ற சிற்றூரில், சரணடைந்த ஜெர்மானியக் கைதிகள் பலரை அமெரிக்க வீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். அதற்காக யாரும் விசாரிக்கப்படவில்லை. மால்மெடிக்காக 1946-ல் டாக்காவ் நகரில் வழக்கு நடந்தது. 43 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. வாக்குமூலங்கள் வாங்கப்பட்ட முறை பற்றி எழுந்த புகார்களுக்குப் பிறகு ஒன்றுகூட நிறைவேற்றப்படவில்லை. பைப்பர் 1956-ல் விடுதலையாகி, 1976-ல் பிரான்சில் தான் குடியிருந்த வீட்டுக்கு யாரோ தீ வைத்ததில் இறந்தார். இவை எல்லாவற்றையும் ஒரு சிறிய படம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆயினும் கைதியைக் கொல்லலாமா என்பதையே மையமாக வைத்த படம், அந்தக் கேள்வியின் சூட்டை டீக்கன் ஒருவனுடைய தனிப்பட்ட வேதனைக்குள் அடக்கிவிடுகிறது. அவனுடைய தோழர்கள் பழிவாங்கும் ஆசையோடு ஒரு முறையாவது துப்பாக்கியின் மேல் கைவைத்து யோசித்திருந்தால் மால்மெடிக்கும் செனோனுக்கும் இடையிலிருந்த இரண்டு வாரங்களின் உண்மை திரைக்கு வந்திருக்கும்.

தொழில்நுட்பத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பழைய போர்களை மீண்டும் நடித்துக்காட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஆர்வலர்கள், தங்கள் சொந்தச் சீருடைகளோடும் ஆயுதங்களோடும் வாகனங்களோடும் வந்து நடித்துக்கொடுத்ததனால்தான் இந்தப் படம் சாத்தியமானது. அந்த ஆர்வலர்கள் ஒரு பொத்தானைக்கூடத் தவறாகத் தைத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் உடைகளிலும் கருவிகளிலும் பெரிய படங்களுக்குக் குறையாத துல்லியம் இருக்கிறது. டாங்கிப் படைகளையோ ஆயிரம் பேர் மோதும் களத்தையோ காட்டப் பணமில்லாததால், பனிமூட்டமும் மரங்களும் ஐந்து முகங்களும் திரையை நிரப்புகின்றன. நிறங்களைச் சாம்பல் பூத்ததுபோலக் குறைத்திருப்பது குளிரைத் தோலில் உணரச் செய்கிறது. வறுமையே இங்கே ஒழுங்கைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. காட்ட முடியாததனால் பேசவிட்டிருக்கிறார்கள், பேச்சில் அறம் வந்துவிட்டது. பின்னணி இசைக்கு மட்டும் இந்த அடக்கம் வாய்க்கவில்லை. எங்கே உருக வேண்டும் என்று நமக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள்போலும். உணர்ச்சியான ஒவ்வோர் இடத்திலும் வயலின்கள் முன்கூட்டியே வந்து நின்றுவிடுகின்றன. முதல் படம் எடுத்தவர்களுக்கான இண்டிபெண்டண்ட் ஸ்பிரிட் விருதுப் பட்டியலில் இது இடம்பெற்றதில் எனக்கு வியப்பில்லை.

வாங்குவதா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்குச் சில செய்திகள். லூசியானா, நியூயார்க், பிரிட்டன் என்று ஒவ்வொருவனும் ஒவ்வோர் ஆங்கிலம் பேசுகிறான். கெண்ட்ரிக்கின் பேச்சைப் பிடிக்க நான் பலமுறை பின்னோக்கி ஓட்ட வேண்டியிருந்தது. எழுத்தில் வசனம் கிடைக்கும் பிரதியாகப் பார்த்து வாங்குவது நல்லது. வெடியும் வேகமும் எதிர்பார்த்து உட்காருபவர்கள் ஏமாறுவார்கள். பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். பார்த்த பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிவைத்துக்கொள்ள வேண்டும். இதே பெயரைத் தாங்கி 2012-லும் 2014-லும் மேலும் இரண்டு படங்கள் வந்தன. அவை வேறு கதைகள், வேறு வீரர்கள். ஆல்ரெட் 2012-ஆம் ஆண்டுப் படத்தில் வேறொரு பாத்திரமாக வருகிறார் என்பதால், அதை டீக்கனின் தொடர்ச்சி என்று நினைத்து வாங்கிவிட வேண்டாம்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். கழித்ததில் ஒன்று கூல்டுக்குச் செய்யப்பட்ட அநீதிக்காக. மீதி அரை அந்த வயலின்களுக்காக.